முன் டிஃபரன்ஷியல் போய்விட்டதா? அவிழ்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

இயற்கை விவசாயத்துக்கும் வண்டியின் முன் அச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போன பணத்தை நாம் நிறுத்திவிட்டோம். அதே நேரம் நம் வேலையில் சுமை கூடிவிட்டது. ஒரு மூட்டை யூரியா போன இடத்துக்கு இப்போது வண்டி வண்டியாக மக்கிய எரு போகிறது. ஏரி வண்டல், தழை, ஆமணக்குப் பிண்ணாக்கு, 200 லிட்டர் பீப்பாயில் ஜீவாமிர்தம் என்று எல்லாமே எடைதான்.

எங்கள் திருத்தணிப் பக்கம் நிலம் ஒரே சமமாக இருக்காது. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வழியில் மலையடிவாரக் கொல்லைகள் நிறைய. மழை பெய்தால் வண்டிப்பாதையில் ஓடை வந்துவிடும். ஏரிக்குள் இறங்கி வண்டல் எடுக்க வேண்டுமென்றால் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி உதவாது. அதனால்தான் எங்கள் பக்கத்து விவசாயிகள் சிலர் பழைய மகிந்திரா ஜீப்பையோ, ஜீப்பை வெட்டிக் கட்டிய பிக்கப்பையோ வாங்கி வைத்திருக்கிறோம். பழைய விலைக்குக் கிடைக்கும், உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம், கணினி ஏதும் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த வண்டி அது. அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை என்பதே நமக்கு வசதி.

வங்கியில் இருந்த காலத்தில் வாகனக் கடன் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். தவணை, வட்டி, இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி இருக்கும். பட்டறைச் செலவுக்குத்தான் பத்தி இருக்காது. விவசாயி தடுமாறுவது பெரும்பாலும் அந்த எழுதாத பத்தியில்தான். ஃபோர் வீல் வண்டியில் அந்தச் செலவைப் பெரிதாக்கும் ஒரு வாசகம் உண்டு: "சார், முன்னாடி டிஃபரன்ஷியல் போச்சு, ஹவுசிங்கோட மாத்திடலாம்." இதைக் கேட்டவுடன் தலையாட்டாமல் இருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது?

மாட்டு வண்டியைப் பாருங்கள். இரண்டு சக்கரமும் இருசில் தனித்தனியாகச் சுற்றும். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடும், உட்பக்கச் சக்கரம் குறைவாக ஓடும். இழுப்பது மாடு, சக்கரம் அல்ல. அதனால் சிக்கல் இல்லை.

மோட்டார் வண்டியில் இழுப்பதே சக்கரம்தான். இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் ஏதாவது ஒன்று தேய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். அதைத் தவிர்க்க நடுவில் வைத்த கியர் பெட்டிதான் டிஃபரன்ஷியல். நீளமான ஷாஃப்டின் நுனியில் சின்னப் பல்சக்கரம், அது பினியன். அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் நட்சத்திரம் போன்ற சிறு பற்கள், அவற்றை ஸ்டார் பினியன் என்பார்கள். நேராகப் போகும்போது ஸ்டார் சும்மா இருக்கும். திரும்பும்போது மட்டும் சுழன்று, ஒரு சக்கரத்துக்கு அதிகமும் மற்றொன்றுக்குக் குறைவுமாகப் பங்கிடும்.

ஃபோர் வீல் வண்டியில் இப்படி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துத் தருவது நடுவில் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ். பழைய ஜீப்பில் லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. இது முக்கியம், மனதில் வையுங்கள்.

தார் ரோட்டில் ஃபோர் வீல் வேண்டாம்

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் போகிற வட்டம், பின் சக்கரங்கள் போகிற வட்டத்தைவிடப் பெரியது. ஈர மண்ணில் எழுதும் டயர் தடத்தைப் பார்த்தாலே தெரியும். ஆகவே முன் ஷாஃப்ட் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விரும்பும். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் கட்டிப்போட்டிருக்கிறது.

சேற்றில், மணலில், உழுத மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது. வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டிலும் பல்லிலும் முறுக்காக ஏறும். கயிற்றை முறுக்கிக்கொண்டே போனால் எங்கே நலிந்திருக்கிறதோ அங்கே அறும் அல்லவா, அதுபோல கிராஸ் ஜாயிண்ட் உடையும், அல்லது பல் தெறிக்கும். ஸ்டீயரிங் கனமாவது, திருப்பத்தில் வண்டி முட்டி முட்டிப் போவது, லீவர் வெளியே வராமல் பிடிவாதம் பிடிப்பது எல்லாம் முறுக்கு ஏறியதன் அடையாளம். லீவரை அடித்து இழுக்காதீர்கள். வண்டியை நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும்.

கொல்லையை விட்டுத் திருப்பதி நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் லீவரை எடுத்துவிடும் பழக்கம் ஓட்டுகிறவருக்கு வந்துவிட்டால், முன் அச்சின் ஆயுள் கூடும். வேறு எந்த ஆயிலும் உதிரிபாகமும் தர முடியாத ஆயுள் இது.

இதேபோல இன்னொரு எதிரி, திடீர் அதிர்ச்சி. பின்னால் பாரம் ஏற்றி மேடு ஏறும்போது முன் பக்கம் எடை குறைந்து முன் சக்கரம் காற்றில் சுற்றுவது போல வேகமாகச் சுற்றும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால், சக்கரம் சட்டென்று கல்லைப் பிடிக்கும் நொடியில் மொத்த விசையும் ஒரே பல்லில் விழும். சக்கரம் சுற்றத் தொடங்கினால் காலை எடுங்கள். பாரத்தைப் பாதி இறக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

சத்தம் எப்போது வருகிறது? மூன்று நிலைச் சோதனை

நகரிப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஒரு மூத்த மெக்கானிக் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். "என்ன சத்தம்னு சொல்லாதீங்க சார், எப்போ சத்தம்னு சொல்லுங்க" என்பார். கீழே உள்ள முறை அவரிடம் பார்த்துப் பழகியது.

பல ஜீப்புகளில் முன் சக்கரத்தின் நடுவில் திருகுகிற ஹப் லாக் இருக்கும். அதை 'ஃப்ரீ' பக்கம் திருப்பினால் சக்கரம் மட்டும் சுற்றும். உள்ளே ஆக்சில், டிஃபரன்ஷியல், முன் ஷாஃப்ட் எல்லாம் அசையாமல் நிற்கும். 'லாக்' பக்கம் திருப்பினால் அவையும் சேர்ந்து சுற்றும். இதை வைத்தே நோயைப் பிரித்துவிடலாம். இரண்டு பக்க ஹப்பும் எப்போதும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்று லாக், ஒன்று ஃப்ரீ என்று விட்டால் ஸ்டார் பினியன் வீணாகச் சுழன்று தேயும்.

முதல் நிலை: இரண்டு ஹப்பும் ஃப்ரீ, லீவர் டூ வீலில். சமமான ரோட்டில் ஓட்டுங்கள். சத்தம் அப்படியே இருக்கிறதா? அப்படியானால் முன் டிஃபரன்ஷியல் குற்றவாளி அல்ல. அது நின்றுகொண்டிருக்கிறது, சத்தம் போட வழியில்லை. முன் சக்கர பேரிங், டயர், அல்லது பின் அச்சைப் பாருங்கள்.

இரண்டாம் நிலை: இரண்டு ஹப்பும் லாக், லீவர் டூ வீலிலேயே. இப்போது டிஃபரன்ஷியல் சுற்றுகிறது, ஆனால் பாரம் இல்லை. இந்த நிலையில்தான் சத்தம் தொடங்குகிறது என்றால் ஆக்சிலில் உள்ள கிராஸ், டிஃபரன்ஷியல் பேரிங், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் மீது சந்தேகம் வைக்கலாம்.

மூன்றாம் நிலை: ஹப் லாக், லீவர் ஃபோர் வீலில். உழுத மண்ணிலோ மணலிலோ மட்டும் ஓட்டுங்கள், தார் ரோட்டில் வேண்டாம். இந்த நிலையில் மட்டும் சத்தம் என்றால், பாரம் ஏறும்போது கத்துகிறது என்று பொருள். கிரவுன், பினியன் பல் சேருமிடம், ஷாஃப்டின் கிராஸ், டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்க பேரிங் இவற்றில் ஒன்று.

ஹப் லாக் இல்லாத வண்டியில் சக்கரத்தின் நடுவில் போல்ட் போட்டு மூடியிருக்கும் டிரைவ் ஃபிளாஞ்சை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டால் முதல் நிலை கிடைத்துவிடும். திறந்த இடத்தில் மண் புகாமல் பாலித்தீன் கட்டி, மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே மூடிவிடுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தம்பி எருவும் காய்கறியும் ஏற்றுகிற வண்டி வைத்திருக்கிறார். 'ங்ஙொய்' என்று முன்பக்கம் சத்தம். ஒரு பட்டறையில் முன் அச்சையே மாற்றச் சொல்லி விலையும் பேசிவிட்டார்கள். ஹப்பை ஃப்ரீ செய்து ஓட்டச் சொன்னேன். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. இடதுபுறச் சக்கர பேரிங்தான் கிரீஸ் வற்றிப் பொரிந்துபோயிருந்தது. பேரிங்கும் சீலும் மாற்றியதோடு முடிந்தது. அச்சு மாற்றியிருந்தால்கூட பழைய ஹப்பையும் பேரிங்கையும் அப்படியே மாட்டியிருப்பார்கள், சத்தம் திரும்பி வந்திருக்கும்.

சத்தத்தின் வகை

எந்த நிலையில் என்று தெரிந்தபின் என்ன மாதிரி என்று கேளுங்கள்.

ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளையிடுவது, அல்லது காலை எடுத்தால் மட்டும் ஊளையிடுவது: கிரவுன், பினியன் பல் பொருத்தம் கெட்டிருக்கிறது, அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது.

மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கரகரப்பு: பேரிங்.

நேராகப் போகும்போது அமைதி, திரும்பினால் மட்டும் உறுமல்: ஸ்டார் பினியனும் அது ஓடும் ஊசியும் தேய்ந்திருக்கலாம்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக், டக், டக்': முன் ஆக்சிலின் கிராஸ் அல்லது ஜாயிண்ட். டிஃபரன்ஷியல் அல்ல.

வண்டி கிளம்பும்போதும் காலை எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டங்': எங்கோ இடைவெளி அதிகம். முதலில் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸைப் பாருங்கள், பல்லை அப்புறம் பார்க்கலாம்.

சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டுவது: கிரவுனில் ஒரு பல் உடைந்திருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள். உடைந்த துண்டு பினியனில் சிக்கினால் அச்சு இறுகி வண்டி ரோட்டிலேயே இழுபடும். உயிருக்கே ஆபத்து.

வீட்டு வாசலில் செய்யும் பரிசோதனை

முதலில் பாதுகாப்பு. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். ஷாஃப்ட் நின்றாலும் டிஃபரன்ஷியல் ஒரு சக்கரத்தை முன்னாலும் மறு சக்கரத்தைப் பின்னாலும் சுற்ற விடுமே. ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் வேண்டாம், நொறுங்கிவிடும்.

1. டயர். முன் இரண்டு, பின் இரண்டு, நான்கும் ஒரே அளவா? முன்னால் புதிது, பின்னால் மொட்டை என்றால் சுற்றளவு மாறும். ஃபோர் வீல் போடும்போதெல்லாம் அந்த வித்தியாசம் முறுக்காக ஏறும். காற்றழுத்தமும் பாருங்கள்.

2. ஆயில். சமதளத்தில் நிறுத்தி, டிஃபரன்ஷியல் குண்டில் இருக்கும் நிரப்பு பிளக்கைத் திறந்து சுண்டுவிரலை வளைத்து விடுங்கள். ஆயில் துவாரத்தின் அடி விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலில் வருவதைப் பாருங்கள். பாலில் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெயிலில் பிடித்தால் மினுமினுக்கிறது என்றால் உலோகத் தூள். அடிப் பிளக்கில் மெல்லிய கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். கையில் நெருடுகிற துணுக்கு வந்தால் திறந்தே ஆக வேண்டும்.

3. மூச்சுக்குழாய். அச்சின் மேல் சின்ன மூடி போல ஒன்று இருக்கும். பலர் இப்படி ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை. ஓடினால் உள்ளே சூடேறிக் காற்று விரியும், அந்தக் காற்று வெளியேற வழி அதுதான். சேறு அடைத்துவிட்டால் அழுத்தம் சீலைத் தள்ளி ஆயில் கசியும். நந்தியாற்றிலோ கொசஸ்தலையாற்றிலோ தண்ணீரில் இறங்கும்போது சூடான அச்சு சட்டென்று குளிர்ந்து, சீல் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். புதுச் சீல் போட்டும் மறுபடி மறுபடி கசிகிறது என்றால் முதலில் இதைச் சுத்தம் செய்யுங்கள்.

4. சக்கரத்தின் உட்பக்கம். முன் சக்கரம் திரும்புமிடத்தில் கோளம் போன்ற உருண்டை இருக்கும், அதற்குள் கிரீஸ். உருண்டையைச் சுற்றி மெல்லிய ஆயில் வடிந்தால், உள் ஆக்சில் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் அங்கே வருகிறது என்று பொருள். சீல் விலை சிறிது. கவனிக்காமல் விட்டால் ஆயில் வற்றிக் கிரவுன் எரியும், பிரேக்கிலும் ஆயில் ஏறும்.

5. ஆட்டிப் பார்த்தல். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஹப் பேரிங் அல்லது கிங் பின். இடமும் வலமுமாக ஆடினால் ஸ்டீயரிங் ஜாயிண்டுகள்.

6. முன் ஷாஃப்ட். லீவர் டூ வீலில் இருக்க, டிஃபரன்ஷியலில் சேரும் ஃபிளாஞ்சைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். பினியன் இம்மி அளவும் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது. சுற்றும் திசையில் கொஞ்சம் முன்னும் பின்னும் போவது இயல்பு.

பழைய அச்சு வாங்குமுன் பல் எண்ணுங்கள்

இங்கிருந்து மின்ரயில் ஏறினால் சென்னை. புது உதிரிபாகத்துக்கு ஜி.பி.ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. "முழு ஹவுசிங் இருக்கு, அப்படியே மாட்டிக்கலாம்" என்று அங்கே கிடைக்கும். மாட்டிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆனால் பல் விகிதம் ஒன்றா?

போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் கிரவுன் 39 பல், பினியன் 8 பல். விகிதம் 4.88. பின்னால் வந்த சிஜே வகை ஜீப்புகளில் 43-க்கு 8, அதாவது 5.38. வேறு விகிதங்களும் உண்டு. முன்னால் ஒன்று, பின்னால் மற்றொன்று மாட்டிவிட்டால் டூ வீலில் ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் நேர் ரோட்டிலேயே முன்னுக்கும் பின்னுக்கும் சுமார் பத்து விழுக்காடு வேக வித்தியாசம். 100 மீட்டர் ஓடினால் 10 மீட்டரை டயர் தேய்த்தோ வழுக்கியோதான் சரிக்கட்ட வேண்டும். எவ்வளவு நல்ல கிரவுனும் தாங்காது.

கழற்றாமலே எண்ணலாம். ஹப் லாக் செய்து, லீவரை டூ வீலில் வைத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒருவர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணட்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். ஷாஃப்ட் சுற்றிய எண்ணிக்கையே விகிதம். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவா, ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவா என்று கண்ணுக்கே தெரியும். பின் அச்சிலும் இதையே செய்யுங்கள், கியரையும் டிரான்ஸ்ஃபர் லீவரையும் நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, முட்டுக்கல்லோடு. பழைய ஃபோர் வீல் வண்டியை விலை பேசும்போது இந்தக் கால் மணி நேரச் சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால்

இது நாமே செய்கிற வேலை அல்ல. ஆனால் பக்கத்தில் நின்று என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிரவுனும் பினியனும் ஜோடி. தொழிற்சாலையில் ஒன்றோடொன்று ஓடவிட்டுப் பொருத்தி, இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறிப்பார்கள். "பினியன் மட்டும் போச்சு, அதை மட்டும் போடலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்கும்போது இரண்டிலும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பேரிங் மூடிகளைக் கழற்றுமுன் எது இடம், எது வலம், எது மேல் என்று புள்ளி குத்தி அடையாளம் வைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பேரிங் சரியாக உட்காராது. பழைய சிம்களை அளந்து, எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வைக்க வேண்டும்.

கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே சிறு இடைவெளி தேவை. அதுதான் பேக்லாஷ். இந்த வகை அச்சுகளில் பொதுவாக 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. குறைந்தால் சூடேறிப் பல் எரியும், கூடினால் இடித்து உடையும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு சார்" என்பது போதாது. டயல் கேஜ் வைத்து, கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பல் பதிவு. பல்லில் வண்ணப் பசை தடவிச் சுற்றினால் எங்கே தொடுகிறது என்று தடம் விழும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, சிம் மாற்றிக் கிரவுன் பக்கம் கொண்டுவர வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் அதிகம் நெருங்கிவிட்டது. இதில் முன் அச்சுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பின் அச்சில் வண்டி முன்னோக்கிப் போகும்போது பல்லின் குவிந்த பக்கம் பாரம் வாங்கும். அதே வகைக் கிரவுனை முன்னால் திருப்பி வைத்திருப்பதால், முன் அச்சில் பாரம் பல்லின் குழிந்த பக்கத்தில் விழும். அந்தப் பக்கம் வலிமை குறைவு. எனவே முன் அச்சில் பல்லின் இரு பக்கத் தடத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

திறந்தபின் பேரிங்குகள், ஆயில் சீல்கள், பேக்கிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். பழைய சீலைத் திரும்பப் போட்டு மிச்சப்படுத்தினால் அடுத்த மழைக்கே கூலி இரட்டிப்பாகும்.

ஆயில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம். கடையில் '90 நம்பர்' என்றால் தெரியும், ஆனால் டப்பாவில் ஜிஎல்-5 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜீப்பின் முன் அச்சுக்குச் சுமார் 1.2 லிட்டர் போதும். அதே ஆயிலைக் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடக் கூடாது. அங்குள்ள பித்தளை வளையங்களுக்கு ஜிஎல்-5-இல் உள்ள சேர்மானம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதற்குக் கையேடு சொல்லும் தரத்தையே ஊற்றுங்கள்.

ஃபோர் வீல் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

ஃபோர் வீல் டிராக்டரிலும் தத்துவம் இதேதான். முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது என்பதால் பல் விகிதத்தை வேறாக வைத்திருப்பார்கள். முன் சக்கரம் தரையில் கொஞ்சம் கூடுதல் வேகத்தில், சுமார் 1 முதல் 5 விழுக்காடு வரை, இழுத்துக்கொண்டு போகும்படி கணக்கிட்டிருப்பார்கள். முன்னாலோ பின்னாலோ வேறு அளவு டயர் போட்டால் அந்தக் கணக்கு கெட்டு முன் அச்சு அடிவாங்கும். சேற்றுழவு முடித்து ரோட்டுக்கு வந்ததும் முன் டிரைவை எடுத்துவிடுங்கள். சேற்றில் வேலை முடிந்ததும் முன் ஹப்பைக் கழுவி, சீல் ஓரத்தில் வைக்கோலோ கயிறோ சுற்றியிருந்தால் எடுத்துவிடுங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். நடு டிஃபரன்ஷியலில் ஆயில் பார்ப்பவர்கள் இரு ஓர ஹப்பிலும் தனியாக ஆயில் அளவு உண்டா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை

ஆடிப் பட்டத்துக்கு முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஆயிலையும் மூச்சுக்குழாயையும் பாருங்கள். தண்ணீர் ஆழமாக இருந்த ஓடையைக் கடந்து வந்தால் மறுநாளே ஆயிலைப் பாருங்கள். பால்நிறம் தெரிந்தால் சத்தம் வரும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். 1.2 லிட்டர் ஆயில் என்ன விலை, ஒரு ஜோடி கிரவுன் பினியன் என்ன விலை என்று கடையில் ஒருமுறை கேட்டால் நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்கென்று ஒரு நோட்டு போட்டு, எந்தத் தேதியில் என்ன ஆயில், என்ன சீல், என்ன செலவு என்று எழுதி வாருங்கள். விற்கும்போதும் அந்த நோட்டு விலை பேசும்.

கடைசியாக ஒன்று. வடித்தெடுத்த பழைய ஆயிலை வரப்போரத்தில் ஊற்றாதீர்கள். கரையானுக்கு நல்லது என்று வேலிக் கம்பத்திலும் மாட்டுக் கொட்டகை மரத்திலும் பூசுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதில் உலோகத் தூளும் ரசாயனச் சேர்மானமும் இருக்கின்றன. மழையில் கரைந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். மண்புழுவுக்காக யூரியாவை விட்ட நாம் அதைச் செய்யலாமா? பழைய டப்பாவிலேயே பிடித்து மூடி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பல் கழுவிய டீசலையும் அதே டப்பாவில் சேர்த்துவிடுங்கள்.